தருமபுரி மாவட்டத்தில் பல் புளோரோசிஸ்

பல் புளோரோசிஸ் என்பது, பற்கள் உருவாகும் வயதில் குடிநீர் போன்றவற்றின் வழியாக அளவுக்கு மிஞ்சிய புளோரைடு உடலில் சேர்வதால், பல்லின் மேற்பூச்சான எனாமல் பாதிக்கப்படும் நிலையாகும். இதனால் பற்களில் சுண்ணாம்பு தடவியது போன்ற வெண்திட்டுகளோ, மஞ்சள் அல்லது பழுப்பு நிறக் கோடுகளோ காணப்படும். தமிழ்நாட்டில் இப்பாதிப்பு மிகுந்த பகுதிகளில் தருமபுரி மாவட்டமும், 2004 வரை அதன் பகுதியாக இருந்த கிருஷ்ணகிரி மாவட்டமும் குறிப்பிடத்தக்கவை.

காரணம்

இப்பகுதியின் நிலத்தடியில் சார்னோக்கைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள் உள்ளன. அவற்றிலுள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் ஆகிய கனிமங்களில் புளோரைடு அடங்கியுள்ளது. பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீரில் அது மெல்லக் கரைகிறது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் வட்டாரங்களில் பல ஊர்கள் இத்தகைய நீரைத் தரும் ஆழ்துளைக் கிணறுகளையே நம்பியிருந்தன. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் 1 லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது.

கறை உண்டாகும் வயது

ஞானப்பல் தவிர மற்ற நிலைப்பற்களின் எனாமல் ஏறத்தாழ 8 வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகி முடிகிறது. பாதிப்பு அப்போதே நேர்ந்துவிடுகிறது. பல் முளைத்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது. வெளியூரிலிருந்து திருமணமாகி வந்த தாயின் பற்கள் வெண்மையாக இருக்க, அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் மட்டும் கறை இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் பல்லில் கறை இல்லை என்பதால் பெரியவர்களுக்குப் பாதிப்பே இல்லை எனக் கொள்ள முடியாது. இந்நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பு புளோரோசிஸ் ஏற்பட்டு, மூட்டுவலியும் முதுகு விறைப்பும் வரலாம்.

பற்களைப் பேணுதல்

கறை எனாமலுக்குள்ளேயே இருப்பதால் துலக்கி நீக்க இயலாது. செங்கல் தூள், அடுப்புக்கரி, மணல், உப்பு ஆகியவற்றால் அழுத்தித் தேய்த்தால், ஏற்கெனவே வலுக்குறைந்த எனாமல் மேலும் தேய்ந்து பல்கூச்சம் உண்டாகும். மென்மையான பிரஷ்ஷால் நாள்தோறும் இருமுறை துலக்குவது போதுமானது. 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்குப் பட்டாணி அளவே பற்பசை தர வேண்டும். அதையும் விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும்.

பல் துலக்காதவர் என்ற கேலிக்கு அஞ்சிப் பலர் வாய்விட்டுச் சிரிக்கத் தயங்குகின்றனர். கறைக்காக மட்டும் உறுதியான பற்களைப் பிடுங்கிவிட்டுப் பல்செட் வைக்க வேண்டியதில்லை. லேசான கறையை மேற்பரப்பை மெல்லத் தேய்த்தெடுக்கும் சிகிச்சையாலும் வெளுப்பூட்டலாலும் பல் மருத்துவர் குறைக்க முடியும். ஆழ்ந்த கறையுள்ள பற்களுக்குப் பல் நிறப் பூச்சோ உறையோ பொருத்தலாம்.

தடுப்பு

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், புளோரைடு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறை புளோரைடைப் பெருமளவு குறைக்கும். மழைநீரைத் தூய்மையாகச் சேமித்துப் பயன்படுத்துவதும் நல்ல மாற்றாகும்.

காவிரி நீரை இவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுவர, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறைவேற்றிய இத்திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீருடன் ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரே தொட்டியில் கலந்தால் இதன் பயன் குறைந்துவிடும். எனவே கிணற்று நீரைத் துவைக்கவும் கழுவவும் ஒதுக்கிவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீரைப் பயன்படுத்துவது நல்லது. கர்ப்பிணிகளும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் உள்ள வீடுகளில் இது மிகவும் இன்றியமையாதது. முளைத்த பல்லின் கறையைத் தண்ணீரை மாற்றிப் போக்க முடியாது; இனி முளைக்கவிருக்கும் பல்லைக் காக்க முடியும்.