“வலிக்காது தாத்தா” என்றால் போதுமா?

எக்ஸ்ரே அறையில் “தாரிக் நாஃபாஸ், தாஹான்” என்றால் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். ஆனால் பெருங்குடலை உள்ளே பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு முன் எப்போது சாப்பாட்டை நிறுத்துவது, குடலைச் சுத்தம் செய்யும் மருந்தை எப்படிக் குடிப்பது என்பதெல்லாம் தோட்டத்து மலாயில் அடங்காது.

சிலிம் ரிவர் வட்டாரத்தில் குளுனி, கெலாப்பா பாலி போன்ற தோட்டங்களில் உழைத்த தலைமுறை இன்று மருத்துவமனை வரிசையில் காத்திருக்கிறது. பல வேளைகளில் பக்கத்தில் இருப்பது பேரப்பிள்ளைகளாகிய நாம்தான். டாக்டர் மலாயில் சொல்வதை வீட்டுத் தமிழில் சொல்வதும் நாமே.

அந்தச் சொற்களுக்கு வலியைக் கூட்டவும் குறைக்கவும் பலம் உண்டு. 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பிரசவத்திற்கு வந்த 140 பெண்களுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போடப்பட்டது. ஒரு பிரிவினரிடம், அந்த இடம் மரத்துப்போய்ச் சௌகரியமாக இருக்கும் என்றார்கள். மற்றவர்களிடம், பெரிய தேனீ கொட்டுவது போலிருக்கும் என்றார்கள். வலிக்கு 10க்கு எவ்வளவு என்று கேட்டபோது, முதல் பிரிவின் நடுமதிப்பு 3, இரண்டாவதில் 5. ஊசி ஒன்றுதான், சொல்தான் வேறு.

அதற்காக, “சும்மா போட்டோ எடுப்பாங்க தாத்தா” என்று மறைப்பதும் உதவாது. எம்ஆர்ஐ கருவிக்குள் சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம் கேட்கும். முன்பே சொல்லாவிட்டால், கருவி கெட்டுப்போனதோ என்று தாத்தா பதறுவார். அசைந்தால் படம் கலங்கும். மறுபடியும் எடுக்க நேரலாம். சிடி ஸ்கேனில் நரம்பு வழியே சாய மருந்து ஏறும்போது உடம்பில் சூடு பரவும். சிறுநீர் போய்விட்டது போலவும் தோன்றும். இது இயல்புதான் என்று தெரியாத பாட்டி, வெட்கத்தில் வாய் திறக்காமல் தவிப்பார்.

ஆகவே டாக்டரிடமோ தாதியிடமோ நான்கு கேள்விகள் கேளுங்கள். என்ன செய்வார்கள்? எவ்வளவு நேரம் ஆகும்? உடம்பில் என்ன உணர்வு தெரியும்? நிறுத்த வேண்டுமானால் எப்படிச் சொல்வது? பதிலைப் பயமுறுத்தாமல், மழுப்பாமல் தமிழில் சொல்லுங்கள். புரிந்ததைத் தாத்தாவையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

புற்றுநோயா என்று பார்க்கத்தான் சோதனை என்றால், அதை “வயிற்றுப் புண்” என்று மாற்றிச் சொல்லும் உரிமை நமக்கில்லை. சொல்ல நா எழவில்லையா? தமிழ் தெரிந்த டாக்டரையோ தாதியையோ கேளுங்கள். சம்மதத் தாளில் கையெழுத்துப் போடப்போவது தாத்தா. எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.