நீரால் பழுதடைந்த தொழிலக அடித்தளங்களைச் சீரமைத்தல்

வெள்ளம், நிலத்தடி நீர்மட்ட உயர்வு, நிலத்தடிக் குழாய்களின் கசிவு முதலியவற்றால் வலுவிழந்த தொழிற்சாலைக் கட்டடங்களின் அடித்தளங்களை (அத்திவாரங்களை) ஆராய்ந்து, அவை மேலும் அமிழாதவாறு நிலைப்படுத்தி, மீண்டும் பயன்பாட்டுக்கு உகந்தவையாக ஆக்கும் பணி அடித்தளச் சீரமைப்பு எனப்படுகின்றது. இது மண் பொறியியல், அமைப்புப் பொறியியல் ஆகிய இரண்டு துறைகளும் ஒன்றுசேரும் பணியாகும். பெரும்பாலான நிகழ்வுகளில் பழுதடைவது அடித்தளத்தின் கான்கிரீட் அன்று. அதனைத் தாங்கி நிற்கும் மண்ணே ஆகும். எனவே, வெடிப்புகளை மட்டும் பூசி மூடுவது சீரமைப்பு ஆகாது.

தொழிலகக் கட்டடங்களின் தனித்தன்மை

வீடுகளுடன் ஒப்பிடும்போது தொழிலகக் கட்டடங்களின் அடித்தளங்கள் பல வகைகளில் வேறுபடுகின்றன. இவற்றில் தூண்களுக்கு இடையிலான தொலைவு மிகுதி. ஆகவே ஒவ்வொரு தூணின் கீழும் பெரிய சுமை குவிகின்றது. பாரந்தூக்கிகள், சுழலும் இயந்திரங்கள், சேமிப்புத் தொட்டிகள் போன்றவற்றின் சுமை அடிக்கடி மாறுவதுடன் அதிர்வையும் உண்டாக்கும். இயந்திரங்களுக்கெனத் தனி அடித்தளங்கள் அமைக்கப்படுவதால், கட்டடம் ஓரளவும் இயந்திரம் வேறோர் அளவும் அமிழக்கூடும்.

ஓர் அடித்தளம் முழுவதும் சீராக அமிழ்வதைவிட, அதன் பகுதிகள் வெவ்வேறு அளவில் அமிழ்வதே கூடிய கேடு விளைவிக்கும். இது வேறுபாட்டு அமிழ்வு எனப்படும். அடுத்தடுத்த இரண்டு தூண்களின் அமிழ்வு வேறுபாட்டை அவற்றுக்கு இடையிலான தொலைவால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் இதற்கு அளவுகோலாகும். நோர்வே நாட்டு மண் பொறியியலாளர் லாரிட்சு பியெரம் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட வரம்புகள் இன்றும் பரவலாக எடுத்தாளப்படுகின்றன. அவற்றின்படி, இவ்விகிதம் 1/750ஐ எட்டும்போது நுண்ணிய இயந்திரங்களுக்குத் தொல்லை ஏற்படலாம். 1/300 அளவில் சுவர்களில் முதல் வெடிப்புகள் தோன்றுவதுடன், மேலே ஓடும் பாரந்தூக்கிகளின் இயக்கமும் பாதிக்கப்படும். 1/150 அளவில் கட்டடத்தின் அமைப்புக்கே கேடு நேரலாம். 6 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு தூண்களை எடுத்துக்கொண்டால், இவ்வரம்புகள் முறையே 8, 20, 40 மில்லிமீட்டர் ஆகும். சுவரில் ஒரு கீறல் கூட விழாத நிலையிலேயே இயந்திரத்தின் அச்சு விலகிவிடக்கூடும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

நீர் அடித்தளத்தைப் பாதிக்கும் முறைகள்

மண்ணின் வலிமை அதன் துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதால் உண்டாகின்றது. துகள்களுக்கு இடையில் உள்ள நீரின் அழுத்தம் கூடும்போது துகள்களுக்கு இடையிலான அழுத்தம் குறைகின்றது. பயனுறு தகைவு எனப்படும் இக்கருத்தை 1920களில் நிறுவியவர் கார்ல் தெர்சாகி ஆவார். நவீன மண் இயந்திரவியலின் அடிப்படை இதுவே. நீர் பின்வரும் வழிகளில் அடித்தளத்தைப் பாதிக்கின்றது:

தாங்குதிறன் குறைதல்: நீரில் மூழ்கிய மணலின் பயனுறு எடை ஏறக்குறைய பாதியாகக் குறைகின்றது. எனவே நிலத்தடி நீர் தரைமட்டம் வரை உயர்ந்தால், மணலில் அமைந்த ஆழமற்ற அடித்தளம் ஒன்றின் தாங்குதிறனும் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

மண் அரிப்பு: ஓடும் வெள்ளம் அடித்தளத்தின் ஓரங்களில் உள்ள மண்ணை அடித்துச் செல்லும். உடைந்த குழாய்கள் வழியாக நுண்மணல் சிறிது சிறிதாக வெளியேறுவதால் தளத்தின் கீழ் வெற்றிடங்கள் தோன்றும். மேலே தளம் முழுமையாகத் தெரிவதால் இவை நெடுங்காலம் வெளியே தெரிவதில்லை.

நிரப்பு மண் சரிதல்: சரியாக இறுக்கப்படாத நிரப்பு மண் உலர்ந்த நிலையில் சுமையைத் தாங்கி நிற்கும். முதன்முறை நன்கு நனையும்போது அது திடீரென அமிழும்.

மண் வீங்குதல்: கரிசல் மண் போன்ற களிமண் வகைகள் நீரை உறிஞ்சி வீங்கும், உலரும்போது சுருங்கும். வெள்ளம் வடிந்து பல மாதங்கள் கழிந்த பின்னரும் இவற்றில் அசைவு தொடரலாம்.

மேலுந்தல்: நீர்மட்டம் உயரும்போது நிலவறைத் தளங்களும் வெறுமையான நிலத்தடித் தொட்டிகளும் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றன. தளத்தின் அடிப்பாகத்துக்கு மேல் 3 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 3 டன் உந்துவிசை ஏற்படும். அரை மீட்டர் தடிப்புள்ள கான்கிரீட் தளத்தின் எடையோ ஒரு சதுர மீட்டருக்கு 1.2 டன் மட்டுமே.

வேதியியல் தாக்கம்: சல்பேட்டு உப்புகள் கான்கிரீட்டையும், குளோரைடு உப்புகள் அதனுள் இருக்கும் இரும்புக் கம்பிகளையும் தாக்குகின்றன. தொழிலக வளாகங்களில் வெள்ளநீருடன் அமிலங்கள் கலந்தால் இத்தாக்கம் விரைவுபடும்.

முதல் நடவடிக்கைகள்

வெள்ளம் சூழ்ந்த நிலவறையில் இருந்து நீரை உடனடியாக இறைத்துவிடுவது பொதுவாகச் செய்யப்படும் தவறாகும். உள்ளே நிற்கும் நீர், வெளியே ஈரமண்ணும் நிலத்தடி நீரும் சுவரின் மீது செலுத்தும் அழுத்தத்துக்கு எதிராக நின்று சுவரைக் காக்கின்றது. வெளியே நீர்மட்டம் இறங்குவதற்கு முன்னர் உள்நீரை அகற்றினால் சுவர் உட்புறமாக இடியலாம், தளம் மேலெழும்பலாம். ஆகவே நீரைப் படிப்படியாகவே இறைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் மட்டத்தைக் குறித்து வைத்து, இரவு கழிந்த பின் அது மீண்டும் உயர்ந்துள்ளதா என்று பார்ப்பது வழக்கம். உயர்ந்திருந்தால் வெளிநீரின் அழுத்தம் இன்னும் குறையவில்லை என்பது பொருள்.

தூண்கள் சாய்ந்தோ, அடித்தளத்தின் கீழ் மண் அரிக்கப்பட்டோ இருந்தால், ஆய்வு தொடங்குவதற்கு முன்னரே கட்டடத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பாரந்தூக்கிகளையும் அதிர்வு தரும் இயந்திரங்களையும் இயக்கக்கூடாது. தளத்தின் கீழ் வெற்றிடம் உள்ளதா என்று அறியும் வரை கனரக வண்டிகளை உள்ளே விடுவதும் ஆபத்தானது.

ஆய்வு

சீரமைப்பு முறையைத் தெரிவு செய்வதற்கு முன், அசைவு நின்றுவிட்டதா, இன்னும் தொடர்கின்றதா என்பதை அறிதல் இன்றியமையாதது. வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வைப்பது பழைய முறை. வெடிப்பு விரிந்தால் கண்ணாடி உடையும். தற்காலத்தில் அளவுகோல் பொறித்த தகடுகளும் மின்னணு உணரிகளும் பயன்படுகின்றன. அசையாத ஒரு நிலைப்புள்ளியை ஆதாரமாகக் கொண்டு தூண்களின் மட்டங்கள் குறித்த கால இடைவெளிகளில் அளக்கப்படுகின்றன.

மண்ணின் நிலையை அறியத் துளையிட்டு மாதிரிகள் எடுக்கப்படும். தளத்தைத் தட்டிப் பார்த்து எழும் ஓசையைக் கொண்டும், நிலத்தை ஊடுருவும் ரேடார் கொண்டும் வெற்றிடங்கள் தேடப்படுகின்றன. நீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிவதும் ஆய்வின் முக்கிய பகுதியாகும். கசியும் குழாயை அடைக்காமல் அடித்தளத்தை மட்டும் பலப்படுத்தினால், சில ஆண்டுகளில் அதே பழுது திரும்பவும் தோன்றும்.

சீரமைப்பு முறைகள்

நீர்க் கட்டுப்பாடு: கசிவுகளை அடைத்தல், மழைநீர் வடிகால் அமைத்தல், கிணறுகள் மூலம் நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்துதல் என்பன இதில் அடங்கும். நீர்மட்டத்தைத் தாழ்த்துவதிலும் இடர் உண்டு. மெல்லிய களிமண்ணில் நீர் குறைந்தால் மண் மேலும் இறுகி, அண்டைக் கட்டடங்களும் அமிழும். நீருக்குள் நூற்றாண்டுக்கு மேல் கெடாமல் இருக்கும் மரத்தூண்கள், நீர் விலகிக் காற்றுப் பட்டவுடன் பூஞ்சையால் உளுக்கத் தொடங்கும்.

கூழ் செலுத்துதல்: சிமெண்டுக் கூழைக் குழாய்கள் மூலம் செலுத்தி வெற்றிடங்கள் நிரப்பப்படுகின்றன. கெட்டியான கூழை அழுத்தத்துடன் செலுத்தும்போது சுற்றியுள்ள தளர்ந்த மண் நெருக்கப்பட்டு இறுகும். விரிந்து கெட்டியாகும் பாலியூரித்தேன் பிசினைக் கொண்டு அமிழ்ந்த தளங்களை உயர்த்துவதும் உண்டு. மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சப்படும் கூழால் மண்ணை வெட்டி, அதனுடன் கலந்து தூண்களாக்கும் முறை 1970களில் சப்பானில் வளர்ச்சியடைந்தது.

குழி முறையில் கீழ்த் தாங்கல் அமைத்தல்: பழைய அடித்தளத்தின் கீழ், ஏறத்தாழ 1 முதல் 1.5 மீட்டர் நீளமுள்ள குழிகளைத் தோண்டி, உறுதியான மண் வரை கான்கிரீட் இடப்படும். அடுத்தடுத்த குழிகளை ஒரே நேரத்தில் தோண்டுவதில்லை. ஒன்று விட்டு ஒன்றாகவும் அதைவிடக் கூடிய இடைவெளியிலும் தோண்டப்படும். புதிய கான்கிரீட்டுக்கும் பழைய அடித்தளத்துக்கும் இடையே 50 முதல் 75 மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுகின்றது. கான்கிரீட் இறுகிச் சுருங்கிய பின்னர், குறைந்த ஈரமுள்ள சாந்தை இதற்குள் இடித்து நிரப்புவர். இவ்வாறு செய்யாவிட்டால், சுருக்கத்தால் தோன்றும் இடைவெளி அளவுக்குக் கட்டடம் மீண்டும் அமிழும்.

நுண்தூண்கள்: 300 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள துளைகளில் இரும்புக் கம்பி அல்லது குழாயை இறக்கிக் கூழ் நிரப்பி இவை அமைக்கப்படுகின்றன. இத்தாலியப் பொறியியலாளர் பெர்னான்டோ லிட்சி 1952ஆம் ஆண்டில் இம்முறையை உருவாக்கினார். இதற்கான துளையிடும் கருவி சிறியது, அதிர்வும் குறைவு. எனவே கூரை உயரம் குறைந்த, இயந்திரங்கள் நிறைந்த தொழிற்கூடங்களுக்குள்ளும் இம்முறையைப் பயன்படுத்த முடியும்.

எடுத்துக்காட்டுகள்

வின்செசுட்டர் பேராலயம்: இங்கிலாந்தில் உள்ள இக்கட்டடம் தொழிலகம் அன்று எனினும், நீருக்குள் அடித்தளச் சீரமைப்புச் செய்யும் முறைக்கு இது புகழ்பெற்ற சான்றாகும். கரிமச் சேறும் நிலத்தடி நீரும் நிறைந்த நிலத்தில் கட்டப்பட்ட இதன் சுவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடுமையாகச் சாய்ந்து வெடித்தன. நீரை இறைத்துவிட்டுத் தோண்டினால், நீருடன் நுண்மண்ணும் வெளியேறிச் சுவர்கள் இடியும் என்ற அச்சம் இருந்தது. இதனால் பொறியியலாளர் பிரான்சிசு பாக்சு, நீர்மூழ்காளர் ஒருவரைப் பயன்படுத்துமாறு கூறினார். வில்லியம் வாக்கர் என்னும் நீர்மூழ்காளர் 1906 முதல் 1911 வரை, ஏறக்குறைய 6 மீட்டர் ஆழம் வரை, இருண்ட நீருக்குள் கைகளால் தடவியே வேலை செய்தார். கான்கிரீட் மூட்டைகளைக் குழியின் அடியில் பரப்பி அவர் நீரின் வழியை அடைத்த பின்னரே நீர் இறைக்கப்பட்டது. அதன்மேல் கொத்தனார்கள் கற்களாலும் செங்கற்களாலும் கட்டி முடித்தனர். இப்பணியில் 25,000க்கு மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளும் சுமார் 9,00,000 செங்கற்களும் பயன்பட்டன.

மிட்லாந்து மின்நிலையம்: ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கட்டப்பட்டு வந்த இந்த அணுமின் நிலையத்தில், டீசல் மின்னாக்கிக் கட்டடம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக அமிழ்வது 1978ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அடியில் இருந்த நிரப்பு மண் போதிய அளவு இறுக்கப்படாமையே இதற்குக் காரணம். மண்ணை முன்கூட்டியே அமிழச் செய்வதற்காக 1979ஆம் ஆண்டில் கட்டடத்தின் உள்ளும் புறமும் மணல் குவிக்கப்பட்டது. அருகில் இருந்த குளிர்விப்புக் குளத்தால் நிலத்தடி நீர் உயர்வதும் கவலையை ஏற்படுத்தியது. நீரில் நிறைந்த தளர்ந்த மணல் நிலநடுக்கத்தின்போது கூழாகிவிடும் என்பதால், நிரந்தரமாக நீர் இறைக்கும் கிணறுகள் திட்டமிடப்பட்டன. வேறு சில கட்டடங்களுக்குக் கீழ்த் தாங்கல் அமைக்கும் பணியும் தொடங்கியது. செலவு பெருகியதால் 1984ஆம் ஆண்டில் அணுமின் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் இவ்வளாகம் இயற்கை எரிவளி மின்நிலையமாக மாற்றப்பட்டது.

போர்ட் கல்கூன் அணுமின் நிலையம்: நெப்ராசுகா மாநிலத்தில் மிசூரி ஆற்றங்கரையில் உள்ள இந்நிலையத்தை 2011ஆம் ஆண்டு கோடையில் வெள்ளம் பல வாரங்கள் சூழ்ந்து நின்றது. சூன் 26 அன்று, நீர் நிரப்பிய தற்காலிகத் தடுப்பு அணை கிழிந்து வீழ்ந்தது. அணுவுலை அதற்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வெள்ளம் வடிந்த பின், கட்டடங்கள் அசையாதது போலத் தோன்றினாலும், கீழேயுள்ள மண் அரிக்கப்பட்டுள்ளதா என்று விரிவாக ஆராய வேண்டியிருந்தது. இவ்வாய்வும் வேறு பல திருத்தங்களும் முடிந்து, 2013 டிசம்பரிலேயே நிலையம் மீண்டும் இயங்கியது. 2016ஆம் ஆண்டில் இது நிரந்தரமாக மூடப்பட்டது.

மீண்டும் பயன்படுத்துதல்

சீரமைப்பு முடிந்தவுடன் முழுச் சுமையையும் ஏற்றுவதில்லை. புதிய தாங்கல்களும் சிறிதளவு அமிழ்ந்தே சுமையை ஏற்றுக்கொள்ளும். எனவே சுமையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மட்டங்கள் அளக்கப்படுகின்றன. பாரந்தூக்கியின் தண்டவாளங்களும் இயந்திரங்களின் அச்சுகளும் புதிதாகச் சீர்செய்யப்பட வேண்டும். களிமண் நிலங்களில், ஈரமும் வறட்சியும் மாறி வரும் ஒரு முழு ஆண்டுக் காலமேனும் கண்காணிப்பைத் தொடர்வது நல்லது. ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அசைவின்றிக் கடந்த பின்னரே அடித்தளம் நிலைபெற்றுவிட்டது எனக் கொள்ளலாம்.