சூட்டில் அடம்பிடிக்கும் போர்ஷே: பொனட்டுக்குள் எட்டிப் பார்ப்போம், வாங்கோ!

கொழும்பிலிருந்து ஏ3 வீதியால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிவந்த பழைய போர்ஷே 924 ஒன்று, உச்சி வெயிலில் சிலாபம் மீன் சந்தையருகே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறாலுக்குப் பேரம் பேசி அரை மணி நேரத்தில் திரும்பிவந்து சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, என்ஜின் எடுக்கவே இல்லை! காலையில் குளிர்ந்த என்ஜின் ஒரே திருகில் எடுத்தது. வழியில் பெற்றோல் ஷெட்டில் நிறுத்திய கையோடு திருகியபோதும் எடுத்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான். பற்றரியிலும் பிளக்கிலும் காசைக் கொட்டாமல் நேரே பெற்றோல் குழாய்களுக்குப் போகலாம்!

உள்ளே இருப்பது பொஷ்ஷின் கே-ஜெட்ரானிக். 1973இல் போர்ஷே 911 டி-யில் வந்து, பிறகு 924, கோல்ஃப் ஜிடிஐ, சினிமாப் புகழ் டெலோரியன் என்று பரவிய அமைப்பு. இன்ஜெக்டர்களை மின்சாரம் திறப்பதில்லை, பெற்றோலின் அழுத்தமே திறக்கிறது! பின்புறம் டாங்கியருகே உள்ள பம்ப் ஏறத்தாழ 5 பார் அழுத்தம் தருகிறது.

என்ஜினை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். உலோகத்தில் தேங்கிய சூடு முழுக்கப் பெற்றோல் குழாய்களைப் பிடிக்கும். பொனட்டுக்குள் கொதிப்பு உச்சத்துக்குப் போவது ஓடும்போது அல்ல, நிறுத்திய பிறகுதான்! பெற்றோலின் இலேசான கூறுகள் 40 பாகைக்குக் கிட்டவே கொதிக்கத் தொடங்கும். அழுத்தம் பிடித்து நின்றால் அவை திரவமாகவே இருக்கும். அது கசிந்தால் குழாய் நிறைய ஆவி.

முதல் துப்பு மூக்குக்கு. பெற்றோல் வாடையும் கறுப்புப் புகையுமாக எடுத்தால் இன்ஜெக்டரோ கோல்ட் ஸ்டார்ட் வால்வோ ஒழுகுகிறது. வாடையே இல்லாவிட்டால் ஆவியின் வேலை என்று சந்தேகப்படலாம்.

இனித்தான் எனக்குப் பிடித்த கட்டம், அழுத்தம் எங்கே கசிகிறது என்று பார்ப்பது! என்ஜின் ஆறியிருக்கும்போது, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, பெற்றோல் குழாயின் மூட்டைத் துணியால் சுற்றி மெல்லத் தளர்த்துங்கள். இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோலைப் பிரித்தனுப்பும் ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும், என்ஜின் சூடேறும்போது கலவையைச் சரிசெய்யும் வோர்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவே, அடைக்கும் வால்வ் உள்ள பிரஷர் கேஜைப் பூட்டுங்கள். சூடேறும்வரை ஓட்டி நிறுத்திவிட்டு, முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றால் நல்லது. பூச்சியத்துக்கு வழுக்கினால் பிடித்தோம்! மறுபடி ஓட்டி, கேஜின் வால்வை அடைத்து நிறுத்துங்கள். இப்போது முள் நின்றால் கசிவு ரெகுலேட்டர் பக்கம். அப்போதும் வழுக்கினால் பெற்றோல் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வ், நிறுத்திய பிறகும் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் அக்கியூமுலேட்டர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் என்று தேட வேண்டும். அக்கியூமுலேட்டரின் சவ்வு கிழிந்திருந்தால் பின்பக்கக் குழாயைக் கழற்றியதும் பெற்றோல் வந்து காட்டிக்கொடுக்கும்.

நான் முதலில் கைவைப்பது செக் வால்வில். பல பம்ப்களில் அதைத் தனியே கழற்றலாம். முழுப் பம்ப்பையும் மாற்றச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். சிலாபத்து உப்புக் காற்று காரின் அடிப்பகுதியைச் சும்மா விடாது, ஆகவே மூட்டில் துரு இருந்தால் எண்ணெயில் ஊறவிட்டுத் திருகுங்கள். பூட்டும்போது செப்பு வாஷர்கள் புதிதாகவே இருக்கட்டும்.