இரத்த அணு விகிதம் தீர்ப்பன்று

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யுமுன் எடுக்கப்படும் பரிசோதனைகளுள் எளியது, முழு இரத்த அணுப் பரிசோதனை. அந்த அறிக்கையின் இரண்டு எண்களைத் தாமே வகுத்துப் பார்த்துவிட்டு, "விகிதம் அதிகமாக இருக்கிறதே டாக்டர், இனி நம்பிக்கை இல்லையா?" என்று கலங்கிக் கேட்கும் குடும்பத்தினர் உண்டு. அவர்களுக்காகவே இவ்விளக்கம்.

இரத்த வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்னும் இரு வகைகளே மிகுதி. முதல் வகை, கிருமித்தொற்றும் அழற்சியும் ஏற்படும்போது பெருகும். இரண்டாம் வகையில் ஒரு பகுதி, புற்றுநோய் செல்களை இனங்கண்டு அழிக்க வல்லது. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் கிடைப்பதே இவ்விகிதம். நியூட்ரோஃபில் 60%, லிம்ஃபோசைட் 30% எனில் விகிதம் 2. 75%, 15% எனில் 5. நலமுள்ள பெரியவர்களிடம் இது பெரும்பாலும் 1 முதல் 3 வரை இருக்கும்.

சில புற்றுக்கட்டிகள் உடலில் அழற்சியைத் தூண்டுகின்றன. அப்போது நியூட்ரோஃபில்கள் கூடி, லிம்ஃபோசைட்டுகள் குறையக்கூடும். சிறுநீர்ப்பையை அகற்றும் அறுவைக்கு முன் இவ்விகிதம் உயர்ந்திருந்தவர்களுக்கு, சராசரியாக நோய் மீளும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறுநீர்க்குழாய்ப் புற்றுநோயிலும் இத்தகைய தொடர்பு காணப்பட்டுள்ளது.

இங்கே "சராசரியாக" என்ற சொல்லை மறந்துவிடலாகாது. பலரைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட உண்மை, ஒருவரின் எதிர்காலத்தை உறுதியாகக் கூறாது. சிறுநீர்த் தொற்று, ஸ்டீராய்டு மருந்து, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவையும் இவ்விகிதத்தை உயர்த்தும். எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பதற்கு அனைவரும் ஏற்ற எல்லையும் இல்லை. ஆகவே, இதை மட்டும் கொண்டு சிகிச்சையை நாங்கள் முடிவு செய்வதில்லை. கட்டி தசைவரை ஊடுருவியுள்ளதா, செல்களின் வீரியம் என்ன, நோய் பரவியுள்ளதா, சிறுநீரகங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பவையே முதன்மையானவை.

விகிதம் உயர்ந்திருந்தால், காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், உட்கொள்ளும் மருந்துகள் பற்றி மருத்துவரிடம் கூறுங்கள். தேவையெனில், தொற்று தணிந்தபின் மீண்டும் பரிசோதிக்கலாம். ஸ்டீராய்டு மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். எண்ணைக் குறைக்கவென்று லேகியமோ சத்துமாத்திரையோ தேட வேண்டியதில்லை; சிகிச்சை நோய்க்கேயன்றி எண்ணுக்கன்று.

உங்கள் கையில் உள்ளவை வேறு: புகைப்பதை விடுங்கள், குறித்த நாளில் சிறுநீர்ப்பை உள்நோக்கிப் பரிசோதனைக்கு வாருங்கள், சிறுநீரில் மீண்டும் இரத்தம் கண்டால், வலி இல்லாவிடினும், உடனே தெரிவியுங்கள்.