மான் வேட்டையும் குடும்ப மரபும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில், சுப்பீரியர், மிச்சிகன் என்னும் இரு பேரேரிகளை அடுத்து அமைந்தது விஸ்கான்சின் மாநிலம். பால் பண்ணைக்கும் பாலாடைக் கட்டிக்கும் பெயர் பெற்ற நாடு அது. அங்கு ஆண்டுதோறும் நவம்பர் 17-க்கும் 23-க்கும் இடையில் வரும் ஒரு சனிக்கிழமையன்று, கதிரவன் எழுவதற்கு முன்பே ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் காட்டுக்குள் சென்று அமர்ந்திருப்பர். பாட்டன், தந்தை, தாய், மகன், மகள் என மூன்று தலைமுறையினர் ஒரே காட்டில், கூப்பிடு தொலைவில் தனித்தனியே காத்திருப்பதும் உண்டு. அன்று தொடங்குவது மான் வேட்டைப் பருவம். அது ஒன்பது நாள் நீடிக்கும்; இடையில் வரும் வியாழக்கிழமை அந்நாட்டினர் கொண்டாடும் நன்றி நவிலல் திருநாள். ஊர் விட்டு ஊர் சென்று வாழும் மக்கள் பெற்றோர் இல்லம் திரும்பும் காலமும் அதுவே. ஆதலின் வேட்டையும் குடும்பக் கூட்டமும் அங்கு ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன.

இம்மரபு எவ்வாறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகிறது, மானினத்தை அழிக்காமல் எவ்வாறு நிலைத்து நிற்கிறது என்பவை அறியத்தக்க செய்திகளாம்.

வெண்வால் மான்

அங்கு வேட்டையாடப்படுவது வெண்வால் மான். அச்சம் தோன்றியதும் வாலை உயர்த்தும். வாலின் அடிப்புறத்து வெண்மை கொடிபோல் தெரியும். அதனால் வந்தது இப்பெயர். தெற்குக் கனடாவிலிருந்து தென் அமெரிக்கா வரை இவ்வினம் பரவியுள்ளது. அந்நிலத்தின் தொல்குடியினராகிய ஒஜிப்வே மக்கள் இதனை வாவாஷ்கேஷி என்பர்.

தமிழில் மானின் ஆணைக் கலை என்றும், பெண்ணைப் பிணை என்றும், இளமையை மறி என்றும் வழங்கும் சொற்கள் தொல்காப்பிய மரபியலிலேயே இடம் பெற்றவை. வெண்வால் மானைப் பற்றிப் பேசவும் இச்சொற்கள் பொருந்தும். இவ்வினத்தில் கலைக்கு மட்டுமே கவைத்த கொம்பு உண்டு. ஆடுமாடுகளின் கொம்பு வாழ்நாள் முழுதும் நிற்பது; இம்மானின் கொம்போ ஆண்டுதோறும் குளிர்காலத்தில் விழுந்து, இளவேனிலில் மீண்டும் முளைப்பது. வளரும்போது மென்மயிர்த் தோல் அதனைப் போர்த்தியிருக்கும். கோடை முடிவில் அத்தோல் உரிந்து கொம்பு வெளிப்படும். நவம்பர் இதன் இணைசேர் காலம். ஏறத்தாழ 200 நாள் சுமந்து, மே, சூன் திங்களில் பிணை ஈனும். நல்ல இரை கிடைக்குமாயின் இரட்டைக் குட்டிகள் பிறப்பது இயல்பு. இந்த இரட்டைப் பேறு பின்னர்ப் பெரியதொரு வழக்குக்குக் காரணமாயிற்று.

காட்டுக் குடிலும் கல்வியும்

வேட்டைக்குச் செல்லும் குடும்பம் தங்கும் இடம் பெரும்பாலும் காட்டோரத்துச் சிறு குடில். விறகடுப்பு, அடுக்குக் கட்டில், சுவரில் பழைய நிழற்படங்கள், மேசைமேல் சீட்டுக்கட்டு ஆகியவை அங்குக் காணப்படும். முதல்நாள் இரவு பெரியோர் பழைய கதைகளைச் சொல்வர். தப்பிய மானின் கதையே மிகுதியாகப் பேசப்படும். குடும்ப வரலாற்றை எழுதி வைக்காதோர் வீட்டிலும், எந்த ஆண்டில் யார் எந்த மரத்தடியில் நின்றார் என்பது நினைவில் நிற்கும்.

பிள்ளைக்கு முதலில் கற்பிக்கப்படுவது துப்பாக்கியைக் கையாளும் ஒழுக்கம். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருதுக. அதன் வாயை எவர் பக்கமும் திருப்பற்க. குறியையும் குறிக்கு அப்பால் இருப்பதையும் ஐயமறக் காண்க. சுடும் நொடி வரை விசையில் விரல் வைக்கற்க. இந்நான்கும் அரசு நடத்தும் வேட்டைப் பயிற்சியின் அடிப்படை விதிகள். விஸ்கான்சினில் 1973-ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிறந்தோர் இப்பயிற்சியில் தேறியே உரிமம் பெறவேண்டும் என்பது பொதுவிதி. தேறாத இளையோர் பெரியவர் ஒருவரின் கைக்கெட்டும் தொலைவில் இருந்து பழகலாம் என 2009-இல் சட்டம் இடமளித்தது. அப்போது 10 என விதிக்கப்பட்ட வயது வரம்பு 2017-இல் நீக்கப்பட்டது. சிறு குழந்தையின் கையிலும் துப்பாக்கியா என்று அப்போது எழுந்த கேள்வி இன்றும் ஓயவில்லை.

1980 முதல் துப்பாக்கி வேட்டையில் ஒளிரும் செம்மஞ்சள் ஆடை கட்டாயமாயிற்று. மான் இந்நிறத்தை மனிதர் காண்பதுபோல் காண்பதில்லை. மனிதரோ நெடுந்தொலைவிலேயே கண்டுகொள்வர். பயிற்சியும் இவ்வாடையும் சேர்ந்து, ஒருவரை மானென எண்ணி மற்றொருவர் சுடும் கொடுமையைப் பெரிதும் குறைத்தன.

அடுத்துக் கற்பிக்கப்படுவது காத்திருத்தல். மரத்தில் கட்டிய பரணிலோ மரத்தடியிலோ உறைபனிக் குளிரில் மணிக்கணக்காக அசையாது அமர வேண்டும். மானின் மோப்பம் கூரியது. ஆதலின் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதை அறிந்தே இடம் தேர்வர். குளம்படி, மரப்பட்டையில் கொம்பு உராய்ந்த தழும்பு, மேய்ந்த தளிர், படுத்த புல் ஆகியவற்றைக் கண்டு விலங்கின் நடமாட்டத்தைப் பிள்ளை படிக்கிறது. நாள் முழுதும் அமர்ந்தும் ஒரு மானும் காணாது திரும்புவோர் பலர்.

மான் வீழ்ந்தால் வேலை முடிவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. இறைச்சி கெடாதிருக்க உடனே குடர் நீக்கிக் குளிரச் செய்யவேண்டும். பின்பு காட்டிலிருந்து இழுத்து வந்து, தோலுரித்து, துண்டாக்கி, குடும்பத்தார் பங்கிடுவர். ஒரு பகுதி உப்புக்கண்டமாகும். ஒரு பகுதி கொத்திறைச்சியாகும். வறியோர்க்கு வழங்க உணவு அறநிலையங்களுக்கு முழு மானையே ஈவோரும் உளர். ஒஜிப்வே மக்களிடம், பிள்ளை முதன்முதல் வீழ்த்திய விலங்கின் இறைச்சியை முதியோர்க்கும் சுற்றத்தார்க்கும் விருந்தாகப் பகிரும் வழக்கம் தொன்றுதொட்டு வருவது. 1837, 1842-ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில் நிலத்தைக் கொடுத்த அம்மக்கள், அந்நிலத்தில் வேட்டையாடும் உரிமையைத் தமக்கு வைத்துக்கொண்டனர். அவ்வுரிமை செல்லும் என 1983-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வீழ்த்திய மானைப் பதிவு செய்வதும் சட்டம். 2015-க்கு முன், ஊர்க் கடைக்கோ உணவு விடுதிக்கோ மானைக் கொண்டுசென்று பதிய வேண்டும். வண்டிகளின் பின்னே மான்கள் கிடக்க, ஊரார் கூடிநின்று பார்ப்பர். முதல் மானை வீழ்த்திய சிறுவனுக்கு அங்கேதான் பாராட்டுக் கிடைக்கும். இன்று தொலைபேசி வழியாகவோ இணையம் வழியாகவோ பதிவு முடிந்துவிடுகிறது. எளிமை வந்தது, ஊர்க்கூட்டம் மறைந்தது.

அழிவும் மீட்பும்

ஐக்கிய நாடுகள் முழுதும் இன்று வெண்வால் மான் ஏறத்தாழ 3 கோடி இருக்கும் என மதிப்பிடுவர். ஆனால் 1900-ஆம் ஆண்டளவில் 5 இலட்சமும் இல்லை என்பர். இறைச்சிக்கும் தோலுக்கும் விற்பதற்காக எல்லையின்றிக் கொன்றதே அவ்வீழ்ச்சிக்குத் தலையாய காரணம். சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசென்று விற்பதை 1900-இல் நிறைவேறிய லேசி சட்டம் தடுத்தது. 1937-இல் நிறைவேறிய பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், ரைபிள் முதலிய துப்பாக்கிகளுக்கும் குண்டுகளுக்கும் விதித்த வரியைக் காட்டுயிர் மீட்புக்கென மாநிலங்களுக்குப் பகிர்ந்தளித்தது. வேட்டையாடுவோர் தரும் பணமே விலங்கைக் காக்கும் பணமாயிற்று.

மானைக் காக்க விஸ்கான்சின் கண்ட மற்றொரு வழி, பிணையைச் சுடாமை. 1915-இல் கலையை மட்டுமே சுடலாம் என்று விதி வந்தது. தாயைக் கொல்லாதே என்று தந்தையர் மக்களுக்குக் கற்பித்தனர். சட்டம் அறமாகி, அறம் குடும்ப மரபாகிவிட்டது. மானும் பெருகிற்று.

லியோபோல்டு எதிர்கொண்ட எதிர்ப்பு

பெருக்கம் அளவு கடந்தபோது இடர் தோன்றியது. பனிக்காலத்தில் மான்கள் தேவதாருச் சதுப்பு நிலங்களில் கூட்டமாக ஒடுங்கும். எட்டிய உயரம் வரை தளிரைத் தின்றுவிடும். குட்டிகளுக்கு எட்டும் கீழ்க்கிளைகள் முதலில் தீர்ந்துவிட, அவையே முதலில் பட்டினியால் மடியும். அதே வேளையில் இளமரங்களும் அழிந்து, காடு புதுப்பிக்கப்படாமல் போகும். மானை உண்டு அளவில் நிறுத்திய ஓநாயோ, தலைக்கு விலை வைத்து வேட்டையாடப்பட்டு வந்தது. 1960-ஆம் ஆண்டளவில் ஓநாய் அம்மாநிலத்தில் அற்றே போயிற்று. அண்டை மாநிலத்திலிருந்து மீண்டும் வந்தது 1970-களில்தான்.

இந்நிலையை எடுத்துச் சொன்னவர் ஆல்டோ லியோபோல்டு. 1887-இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். தம் தந்தையிடமே வேட்டை கற்றவர். அத்தந்தை, சட்டம் விதிக்கும் முன்னரே தமக்குத் தாமே வரம்பு விதித்துக்கொண்டவர். இளமையில் ஓநாயைச் சுட்டு வீழ்த்திய லியோபோல்டு, பிற்காலத்தில் அதற்கு வருந்தி எழுதினார். 1935-இல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் பாழ்பட்ட பண்ணை ஒன்றை வாங்கி, அங்கிருந்த கோழிக் கொட்டிலைக் குடிலாக்கி, மனைவியுடனும் ஐந்து மக்களுடனும் வார இறுதிகளில் ஆயிரக்கணக்கான மரங்களை நட்டார்.

1942–43 பனிக்காலத்தில் மான்கள் பட்டினியால் மடிவதைக் கண்ட அவர், பிணைகளையும் வேட்டையாடிக் கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பிணை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இரு குட்டி ஈனும்போது, கலைகளை மட்டும் சுடுவதால் பெருக்கம் அடங்காது என்பது அவர் காட்டிய கணக்கு. 1943-இல் கலைக்கு 4 நாளும் கொம்பில்லா மானுக்கு 4 நாளும் தனித்தனியே ஒதுக்கப்பட்டன. மக்கள் கொதித்தெழுந்தனர். தந்தை கற்பித்த அறத்தை அரசே மீறச் சொல்வதா என்று கேட்டனர். அவரைச் சாடுவதற்கென்றே ஏடும் வெளிவந்தது. 1948 ஏப்பிரலில், அண்டையார் நிலத்தில் பற்றிய புல்தீயை அணைக்கச் சென்ற இடத்தில் மாரடைப்பால் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு அவர் நூல் வெளிவந்தது. அவர் சொன்ன வழி பின்னரே மெல்ல மெல்ல ஏற்கப்பட்டது; இன்று பிணை வேட்டை அங்கு முறைப்படியான செயல்.

இம்மக்கள் பிழை செய்தனர் என்று எளிதில் தள்ளிவிட இயலாது. மான் அருகியிருந்தபோது பிணையைக் காத்தது நல்லறமே. மான் மிகுந்தபோது அதே வழக்கம் மானுக்கே பட்டினியாயிற்று. வழக்கத்தைப் பற்றிக்கொண்டவர் அதன் காரணத்தை விட்டுவிட்டனர்.

இன்றைய சோதனை

இன்று அதுபோன்ற சோதனை மீண்டும் வந்துள்ளது. மூளையைச் சிதைத்து மானை மெலிவித்துக் கொல்லும் நோய் ஒன்று, 1967-இல் கொலராடோவில் முதன்முதல் காணப்பட்டது. 2002-இல் விஸ்கான்சினிலும் வெளிப்பட்டது. இதற்கு மருந்து இல்லை. உருத்திரிந்த புரதமே நோய்க்கூறு. அது மண்ணிலும் நெடுங்காலம் தங்கும். மனிதர்க்குத் தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லை. எனினும் நோயுற்ற மானின் இறைச்சியை உண்ணற்க என்று நலத்துறையினர் அறிவுறுத்துகின்றனர். சோதனைக்கு மாதிரி கொடுத்து, முடிவு வரும் வரை இறைச்சியை உண்ணாது வைத்திருத்தல், உடலெச்சங்களைக் காட்டில் வீசாதிருத்தல், மானைக் கூட்டம் சேர்க்கும் தீனியிடாதிருத்தல் ஆகியவை புதிய ஒழுக்கங்கள். பழைய குடில்களில் இவற்றை ஏற்போரும் உளர். பாட்டன் காலத்தில் இல்லாத தொல்லை என்று தள்ளுவோரும் உளர்.

அதனோடு, நகர வாழ்வு பெருகியதால் வேட்டைக்கு வரும் இளையோர் குறைந்து வருகின்றனர். வரியும் உரிமக் கட்டணமும் குறையுமாயின் காட்டுயிர் காக்கும் பணமும் குறையும். மகளிர் முன்னினும் மிகுதியாக வருவது ஓரளவு ஆறுதல் தருகிறது. நவம்பர்ச் சனிக்கிழமை விடியலில் பரணில் அமரும் சிறுமிக்குத் தாயும் தந்தையும் இன்று காற்றின் திசையையும் துப்பாக்கி விதியையும் கற்பிப்பதோடு, பிணையை எப்போது சுடலாம், எப்போது விடவேண்டும் என்பதற்கான காரணத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டியுள்ளது. காரணம் அறிந்து கற்ற பிள்ளையே, நிலை மாறும்போது வழக்கத்தையும் மாற்ற வல்லதாகும்.