அன்று குவார்ட்டர், இன்று 14416

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அழுகத் தொடங்கிய உடல்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கூட்டிவந்தார்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. பொக்லைன் தோண்டிய குழிகளில் ஆண், பெண், பச்சைக் குழந்தை என்று வரிசையாக இறக்கினார்கள். வாய்க்கரிசி போடவோ ஒரு பிடி மண் தள்ளவோ பல உடல்களுக்கு ஆளில்லை. முறைப்படி அனுப்பிவைக்காத அந்தக் குறை, குழியில் இறக்கியவர் நெஞ்சில்தான் உட்கார்ந்தது. ராத்திரி கண்ணை மூடவைக்க அவர்களுக்குக் குவார்ட்டர்தான் இருந்தது. குடிக்காமல் இந்த வேலை ஆகாது என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் சொல்வார்கள். நாம் அவர்களைக் குடிகாரர்கள் என்றோம்.

அப்போதும் உளவியல் உதவி வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன நிபுணர்கள் கரையோர ஊர்களில் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அது உறவைப் பறிகொடுத்த குடும்பங்களுக்காக, அதுதான் நியாயமும். பிணம் தூக்கியவர்களோ வேலை முடிந்து அவரவர் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்கள்.

கொரோனா வந்தபோது பேச்சு மாறியது. 2020 ஏப்ரலில், தொற்றில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. மருத்துவருக்கே அந்தக் கதி என்றால் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மயான ஊழியர் நிலை என்ன என்று அப்போதுதான் பலர் யோசித்தார்கள். 2022 அக்டோபரில் டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை வந்தது. 14416-ஐ அழைத்தால் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசில்லை. பெரிய மாற்றம்தான், மறுக்க மாட்டேன்.

ஆனால் துப்புரவுப் பணியாளர் தானாகப் போன் போடுவாரா? "மன அழுத்தம் இருக்கா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்பார். "சோறு எறங்குதா? தூங்குறீங்களா?" என்று கேட்டால்தான், கண்ணை மூடினால் வந்து நிற்கும் முகத்தைப் பற்றிப் பேச்சு வரும். அப்படிக் கேட்கக்கூடிய முதல் ஆள் கூடவே நிற்கும் மேஸ்திரிதான். பயிற்சி அவருக்குத்தான் முதலில் வேண்டும்.

2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கும் வெளி மாவட்டப் பணியாளர்கள் சென்னைக்கு வந்தார்கள். ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒருநாள் படுத்தால் ஒருநாள் சம்பளம் போகும். அடுத்த புயலுக்கு ஆள் அனுப்பும் ஆணையிலேயே, ஊர் திரும்பியதும் சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்பு என்று ஒரு வரி சேர்க்கட்டும் அரசு.