ஒரு காபனும் மூன்று ஐதரசனும்

பெனிசிலினைப் பிளெமிங் 1928 இற் கண்டாரென்பதை நம் மாணவர் யாவரும் அறிவர். அம்மருந்து மருத்துவமனைகளிற் புழங்குமுன்னரே, 1940 இல், அதனைச் சிதைக்கும் நொதியமொன்று பற்றீரியாவில் உண்டென ஒட்சுபோட்டில் ஏபிரகாமும் செயினும் அறிவித்தமையை அறிந்தோர் சிலரே.

பெனிசிலினுக்கும் அதற்கு உறவான செபலோசுபோரின்களுக்கும் உயிர்நிலையாயிருப்பது பீற்றா-லாக்டம் எனும் நான்கணு வளையம். நொதியம் அதனை உடைத்துவிடின் மருந்து பயனற்றதாகும். இன்று இந்நொதியங்கள் பலவகையாய்ப் பெருகிவிட்டன. முன்னர் எளிதிற் பணிந்த சிறுநீர்த் தொற்று, முதியோரிடத்து ஊசி மருந்துகளுக்கும் அசையாதிருத்தலைக் கட்டிலருகே காத்திருந்தோர் அறிவர். அந்நிலையில் மருத்துவர், இறுதிக்கெனச் சேமித்து வைத்த கார்பபெனம் மருந்துகளை எடுக்க நேர்கிறது. அவற்றை அடிக்கடி எடுத்தால் அவையும் தேய்ந்துபோம்.

இதற்கு ஒரு விடை சென்னையிலிருந்து வந்தது. அங்குள்ள ஓர்க்கிட் நிறுவனத்தார் நாடியது புதிய வாளையன்று, கேடயத்தையே. நொதியத்தோடு தானே பிணைந்து, அதனை முடக்கி, உடன்செல்லும் மருந்தைக் காக்கும் சிறு மூலக்கூறு அது. டாசோபாக்டம் எனும் பழைய கேடயம் முன்னரே வழக்கிலிருந்தது. அதன் நைதரசன் வளையத்தில் ஒரு மெதைல் கூட்டத்தை, அதாவது ஒரு காபனையும் மூன்று ஐதரசனையும், இணைத்தனர். அதனால் அங்கே தோன்றிய நேரேற்றம், மூலக்கூற்றில் ஏலவே இருந்த மறையேற்றத்தை ஈடுசெய்தது. ஆகவே புதிய மூலக்கூறு பற்றீரியாவின் புறச்சவ்வை எளிதிற் கடக்கிறது. கலைப் பட்டதாரியாகிய எனக்கு இரசாயனம் தூரத்து உறவே. எனினும் ஓர் ஒற்று மிகுந்தாற் பொருள் வேறாதலை வகுப்பில் நாள்தோறும் காட்டுபவனுக்கு இது புரியாததன்று.

என்மெட்டாசோபாக்டம் எனப் பெயர்பெற்ற அதன் உரிமம் 2013 இல் ஐரோப்பாவின் அலெக்ரா நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. செபெபிம் மருந்தோடு சேர்த்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுநீர்த் தொற்று நோயாளரிடம் நிகழ்ந்த சோதனையின் முடிவு 2022 இல் வெளியாயிற்று: நோய் தணிந்து கிருமியும் ஒழிந்தோர் நூற்றுக்கு 79, டாசோபாக்டம் சேர்ந்த பழைய மருந்தைப் பெற்றோருள் 59. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தார் 2024 பெப்புருவரியில் அனுமதியளித்தனர்.

ஆனால் எல்லா நொதியத்தையும் இக்கேடயம் தடுக்காது. துத்தநாகத்தைக் கருவிற் கொண்டியங்கும் என்.டி.எம். நொதியம் இதற்குப் பிடிபடுவதில்லை. கார்பபெனத்தையும் அது உடைக்கும். 2010 இல் வெளியான ஆய்வொன்று, அந்நொதியமுடைய பற்றீரியா மாதிரிகள் 44 ஐ அதே சென்னையிற் கண்டிருந்தது.